ரஃபீக்கா கொண்டுவந்த பூ

நான்கு வருடம் கழித்து ரஃபீக்கா வாசலில் வந்து நின்றபோது முதலில் கண்ணில் பட்டது பூக்கள்தான். பெருநாளுக்கு மறுநாள், சனிக்கிழமை, மாலை நான்கு மணி. கதவைத் திறந்த ஜலீலாவுக்கு எதிரே இரு கை கொள்ளாத அளவுக்கு வெள்ளை லில்லிகள். பாதி விரிந்திருந்தன, பாதி மொட்டு. அவற்றுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"உள்ள வரலாமா அக்கா, இல்ல பூவை மட்டும் வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திடுவியா?"

இந்த ஒரு நிமிடத்துக்கென்று ஜலீலா நான்கு வருடமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவற்றைத் தீட்டித் தீட்டிக் கூர்மையாக்கியிருந்தாள். ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை.

"படியில நின்னு கத்தாத. எதிர்வீட்டுக்காரி கதவு இடுக்கு வழியாப் பாக்கறா," என்றாள்.

அவ்வளவுதான் சமாதானம். உள்ளே வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு காப்பி குடித்தார்கள். ரஃபீக்கா தன் கையால் செய்த மக்ரூத் கொண்டுவந்திருந்தாள். பேரீச்சம்பழம் வைத்த ரவைப் பலகாரம், தேனில் ஊறியது. ஜலீலா மூன்று தின்றாள்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ரஃபீக்காவின் மகள் நிச்சயதார்த்த விருந்தன்று, அறுவை சிகிச்சை முடிந்து தையலோடு படுத்திருந்த பூனைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று ஜலீலா சீக்கிரமே எழுந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ரஃபீக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "விடுங்க, போகட்டும். அவளுக்கு வீட்ல பிள்ளை அழும். நாலு காலு, ஒரு வாலு." மேஜையே சிரித்தது. இரண்டு முறை கரு தங்காமல் போய், அதனாலேயே கணவனும் விட்டுப்போய், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவள் ஜலீலா. அது ரஃபீக்காவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மேஜையில் யாரும் இல்லை. ஜலீலா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். திருமணத்துக்கும் போகவில்லை.

அந்தப் பூனைதான் இப்போது மேஜைமேல் ஏறிப் பூக்களை முகர்ந்துகொண்டிருந்தது. குத்னா. அரபியில் பஞ்சு என்று அர்த்தம். உடம்பெல்லாம் வெள்ளை, வலது காதில் மட்டும் ஒரு சாம்பல் பொட்டு.

"அதை அந்தப் பக்கம் போகச் சொல்லு அக்கா," ரஃபீக்கா கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பூனை என்றால் பயம்.

"அவ ஒண்ணும் பண்ண மாட்டா."

"அது பண்ணாதுன்னு உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

இருவரும் சிரித்தார்கள். போகும்போது ரஃபீக்கா, "விலை கொடுத்து வாங்கின பூ. பத்து நாள் வாடாதாம். தண்ணி மட்டும் மாத்து," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிரவு குத்னா கூடத்தில் வாந்தி எடுத்தது. பெருநாள் மீனை ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தது தப்பு என்று ஜலீலா நினைத்தாள். தரையைத் துடைத்தாள். மனது நிறைந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் படுத்தவுடனே தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூனை சாப்பிடவில்லை. குளியலறைத் தொட்டிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வாந்தி நின்றுவிட்டது, அதனால் தேறிவிடும் என்று தோன்றியது. மறுபடி மறுபடி வந்து தண்ணீர் மட்டும் குடித்தது. பெருநாள் விடுமுறையில் எந்தக் கால்நடை மருத்துவர் திறந்திருப்பார்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ஜலீலாவுக்கு வேலை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கூரைமேல் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார், பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக். பிசெர்த்தா துறைமுக நகரத்தில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் வண்டி பழகினார்கள். காலையில் கிளம்பும்போது குத்னா தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. குடிக்கவில்லை. சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சி அவளை விடவில்லை. முதல் பாடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது பாடம் லஸ்ஹருக்கு. துறைமுகத்துப் பக்கம் எண்ணெயில் ஃப்தாயர் அப்பம் பொரித்து விற்பவர், நாற்பத்தேழு வயது, ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர்.

"மதாம், எண்ணெய்ச் சட்டியில ஒரே நேரத்துல பத்து ஃப்தாயர் திருப்பறவன் நான். இந்த ஒரு கியர் என் கைக்கு அடங்க மாட்டேங்குது பாருங்க."

"வலது பக்கம் திருப்புங்க."

"வலது பக்கமா? பார்க்கிங் பழகற இடம் நேராத்தானே இருக்கு?"

"என் வீட்டுக்குப் போறோம். ரெண்டு நிமிஷம்."

ஜலீலா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடந்தது குத்னா. தூக்கினால் துணிபோலத் தொங்கியது. வாயிலிருந்து அம்மோனியா மாதிரி ஒரு நெடி. துணிக்கூடையைக் கவிழ்த்து அழுக்குத் துணிகளைத் தரையில் கொட்டி, ஒரு துண்டைப் போட்டு, அதில் பூனையை வைத்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள். லஸ்ஹர் ஓட்டுநர் இருக்கையைக் காலிசெய்து தர எழுந்தார்.

"நீங்களே ஓட்டுங்க. இவளை நான் பிடிச்சுக்கணும். கால்வாயைத் தாண்டி ஸர்ஸூனாவுக்கு, மிருக டாக்டர்கிட்ட."

"பாலத்து மேலயா? மதாம், நான் இதுவரைக்கும் பாலத்துல ஓட்டினதே இல்லையே."

"இன்னிக்கு ஓட்டுவீங்க."

பாலத்துக்கு வந்தால், பாலம் இல்லை. கப்பலுக்கு வழிவிட்டு நடுப்பகுதி வானத்தைப் பார்க்கத் தூக்கி நின்றது. முன்னால் முப்பது, நாற்பது வண்டிகள். கீழே சரக்குக் கப்பலொன்று எந்த அவசரமும் இல்லாமல் ஏரியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஜலீலா கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

"நீங்கதானே மதாம் சொல்லிக் கொடுத்தீங்க," லஸ்ஹர் மெதுவாகச் சொன்னார், "பாலம் தூக்கினா இன்ஜினை அணைச்சிட்டுக் கையை மடியில வைன்னு..."

"வாயை மூடுங்க லஸ்ஹர்."

லஸ்ஹர் வாயை மூடினார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வண்டிகளுக்கு நடுவே புகுந்து தடுப்புக்கட்டை வரைக்கும் ஓடினார். அங்கிருந்த காவலாளியிடம் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவது ஜலீலாவுக்குக் கேட்டது.

"ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு! அந்தக் கப்பலைச் சீக்கிரம் போகச் சொல்லுய்யா!"

"சரி, இறங்கித் தள்ளு," என்றான் காவலாளி.

லஸ்ஹர் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. ஜலீலா துண்டுக்குள் கைவிட்டுப் பூனையின் விலாவைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். மூச்சு இருக்கிறது. இருக்கிறது. இன்னும் இருக்கிறது. பதினெட்டு நிமிடம் கழித்துப் பாலம் இறங்கியது. லஸ்ஹர் ஒரு தடவைகூட இன்ஜினை அணையவிடாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். ஜலீலா அதைக் கவனிக்கவில்லை.

டாக்டர் சிஹாமுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வேகமாகப் பேசுபவள், கை மட்டும் நிதானம். பூனையின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளியது அப்படியே கூடாரம்போல நின்றது. ஈறைப் பார்த்தாள். வயிற்றை இரு பக்கமும் அழுத்தியபோது குத்னா முதல்முறையாகச் சத்தம் போட்டது. ரத்தம் எடுத்து உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, மார்பு முடியைச் சீவிப் பார்த்தாள்.

"இது என்ன கறை?"

"மஞ்சத்தூள். நான் சமைக்கும்போது கால்ல உரசிக்கிட்டே இருப்பா."

டாக்டர் ஈரப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு செம்பழுப்பாக மாறியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"வீட்ல லில்லிப் பூ இருக்கா?"

ஜலீலா சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லஸ்ஹர்தான் கதவோரத்திலிருந்து, "மதாம், உங்களைத்தான் கேக்கறாங்க," என்றார்.

"இருக்கு."

"எப்போ வந்தது?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"நக்கியிருக்கா. அந்தப் பூவோட தூள் முடியில பட்டா, நக்கித்தானே சுத்தம் பண்ணுவாங்க? அது போதும். இலையா இருந்தாலும் சரி, ஜாடித் தண்ணியா இருந்தாலும் சரி. மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. பூனைக்கு மட்டும் கிட்னியைப் பிடிக்கும். முதல்ல வாந்தி எடுத்தாளா?"

"சனிக்கிழமை ராத்திரி."

"அப்பவே கொண்டு..." டாக்டர் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் அதிகமாக வலித்தது.

ரத்த முடிவு வந்தது. ஒன்றரைக்குள் இருக்க வேண்டிய கிரியாட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. முன்னங்காலில் முடியை மழித்து ஊசி ஏற்றி டிரிப்ஸ் போட்டார்கள்.

"மனுஷங்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ண மெஷின் இருக்கே டாக்டர்?"

"பூனைக்கு இங்க நான் பார்த்ததில்ல மதாம். தண்ணி ஏத்துவோம். கிட்னி கொஞ்சமாவது உயிரோட இருந்தா ஒண்ணுக்குப் போவா. போனா நம்பலாம். போகலைன்னா..." மழித்த காலை வருடினாள். "ரெண்டு நாள் பார்ப்போம்."

அந்த இரண்டு நாளை ஜலீலா எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை, மருத்துவமனையில் அவர்கள் இருக்க விடவில்லை, காரில்தான் இருந்தாள். பாலத்தைத் தாண்டி ஸர்ஸூனா போவாள்; "இன்னும் இல்லை" என்பார்கள்; திரும்பி வருவாள். பழக வந்த ஒரு பெண்ணை ஒரே ரவுண்டானாவை ஏழு முறை சுற்றவைத்தாள். "டீச்சர், எனக்குத் தலை சுத்துது, இன்னும் எத்தனை?" என்று அந்தப் பெண் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

திங்கள் மாலை வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. மீதியிருந்த மொட்டுகளும் விரிந்துவிட்டிருந்தன. பூவேலை செய்த மேஜைவிரிப்பின்மேல் செம்பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. அதன் நடுவே வட்டமாகச் சின்னச் சின்னப் பாதத் தடங்கள். ஜலீலா விரிப்போடு சேர்த்து எல்லாவற்றையும் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, கீழே தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

தொட்டிமேல் மூன்று பூனைகள். அடியில் இரண்டு குட்டிகள். மீன்தலை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தன.

பொட்டலத்தோடு அப்படியே நின்றாள். அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கேயும் பூனைகள். மீன்சந்தைக்குப் பின்னால் சொல்லவே வேண்டாம். ஐம்பத்து நான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறாள். பூனை இல்லாத குப்பைத்தொட்டி ஒன்றுகூட இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கடைசியில் பொட்டலத்தைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினாள்.

எட்டு மணிக்கு ரஃபீக்கா போன் செய்தாள். சமாதானமான நாளிலிருந்து தினமும் எட்டு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். நான்கு வருட பாக்கிப் பேச்சு.

"அக்கா, பூ எப்படி இருக்கு? இன்னிக்குப் பூக்காரன்கிட்ட கேட்டேன். நடுவுல தூள் மாதிரி இருக்கு பாரு, அதைக் கிள்ளி எடுத்துடணுமாம். துணியில பட்டாப் போகாதாம். நீதான் அம்மாவோட விரிப்பைப் போட்டு வச்சிருக்கியே."

"சரி."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

"அந்தப் பூனையோட முடிதான். சொன்னாக் கேக்க மாட்டே."

ஜலீலா போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நடந்தாள். அடுப்பிலிருந்து கதவு, கதவிலிருந்து அடுப்பு. சொல்லவேண்டும், சொல்லக்கூடாது. சொன்னால் நான்கு வருடம் நாற்பதாகும். சொல்லாவிட்டால் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் "சரி, சரி" என்று சொல்வது? அதற்கும் அடியில் வேறொரு நினைப்பு இருந்தது. அதை அவள் நேராகப் பார்க்க விரும்பவில்லை. பூனையைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்பவள், அதை வைத்தே அக்காளைச் சபையில் சிரிப்புக்கு ஆளாக்கியவள், கடை முழுக்க வேறு பூ இருக்கும்போது ஏன் இதைப் பார்த்து எடுத்தாள்?

அப்படி நினைத்திருக்கக்கூடாதுதான். ஆனால் நினைத்தாயிற்று. நினைத்ததை எந்தக் குப்பையில் போடுவது?

செவ்வாய் மதியம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

"ஒண்ணுக்கு வர ஊசி போட்டும் பார்த்தாச்சு. சொட்டுதான் வருது. இன்னும் தண்ணி ஏத்தினா உடம்பு ஊதி நெஞ்சுல கட்டிக்கும். நாளைக்குக் காலை வரைக்கும் பார்க்கலாம் மதாம். அப்பவும் இப்படித்தான்னா, அவளைக் கஷ்டப்படாம அனுப்பறதைப் பத்திப் பேசணும். இன்னிக்கே யோசிச்சு வச்சுக்குங்க."

ஜலீலா காரில் ஏறினாள். வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பவில்லை. மாத்தர் சாலையில் போனாள். ஒரு மணி நேரத்துக்குள் ரஃபீக்காவின் வீட்டு வாசலில் போய் நின்று, இறங்காமல் ஹாரன் அடித்தாள்.

ரஃபீக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "அட! சொல்லாமக் கொள்ளாம! இறங்கு, இறங்கு. ரொட்டி சூடா இருக்கு."

"நீ வந்து உக்காரு."

ரஃபீக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காலடியில் இருந்த கூடுதல் பிரேக்கைப் பார்த்து, "இதை மிதிச்சா நிக்குமா?" என்று சிரித்தாள். ஜலீலா சிரிக்கவில்லை.

"குத்னாவுக்குக் கிட்னி போயிடுச்சு. நாளைக்கு ஊசி போட்டு அனுப்பப் போறாங்க. நீ கொண்டுவந்த பூவால."

ரஃபீக்கா புரியாமல் பார்த்தாள். ஜலீலா முழுவதும் சொன்னாள்: தூள், நக்கியது, வாந்தி, டாக்டர் பஞ்சில் துடைத்தது, எந்தத் தொட்டியிலும் போட முடியாத பொட்டலம். சொல்லச் சொல்ல ரஃபீக்காவின் மாவுக் கை மடியில் அப்படியே கிடந்தது.

"எனக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் இப்படிப் பாக்கறே? வேணும்னு செஞ்சேன்னு நினைக்கிறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அந்த இரண்டு நாளில் பொய் சொல்லிச் சொல்லி ஜலீலா களைத்துப்போயிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நினைச்சேன்," என்றாள்.

ரஃபீக்கா இறங்கினாள். கதவை அறையவில்லை; மெதுவாகத்தான் சாத்தினாள். பின்பக்கம் போய் டிக்கியைத் தட்டினாள். "பூ எங்க? இதுலயா? திற." ஜலீலா உள்ளிருந்து திறந்துவிட்டாள். ரஃபீக்கா பொட்டலத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் ஜலீலாவின் வாய் ஒரே வார்த்தையை மென்றுகொண்டிருந்தது. முட்டாள், முட்டாள், முட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமை இரவு தரையைத் துடைத்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கியது யார்? எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. எட்டரைக்கும் அடிக்கவில்லை.

புதன்கிழமை காலை பாலம் இறங்கியே இருந்தது. மருத்துவமனைக்குள் நுழையும்போதே உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது.

"இந்தத் துண்டு ஈரமா இருக்கே, இது என்ன?"

"டிரிப்ஸ் தண்ணி மா. குழாய் கழண்டிருந்தது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். மோந்து பாருங்க."

ரஃபீக்கா. முதல் லுவாஜ் பங்கு டாக்சியைப் பிடித்து, மற்ற ஏழு பேர் சேரும்வரை காத்திருந்து, மாத்தரிலிருந்து வந்திருக்கிறாள். கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு, முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜலீலாவைப் பார்த்தாள். எழவில்லை.

"இந்தம்மா ஏழு மணிக்கே கதவைத் தட்டினாங்க," என்றாள் டாக்டர். "நான்தான் விஷம் வச்சவ, உள்ள விடுங்கன்னாங்க. போலீஸைக் கூப்பிடறதா, காப்பி கொடுக்கறதான்னு தெரியல. காப்பி கொடுத்தேன்." சொல்லிவிட்டு அவர்களைத் தனியாக விட்டுப் போனாள்.

ஜலீலா கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். குத்னா கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது.

"ராத்திரி பூராத் தூங்கல," ரஃபீக்கா கூண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னைப் பார்த்து இப்படி நினைச்சிட்டாளேன்னு உன்னைத் திட்டிக்கிட்டே கிடந்தேன். பாதி ராத்திரில எழுந்து அந்தப் பூவை அடுப்புல போட்டேன். எரியவே மாட்டேங்குது, புகையுது. அப்போதான் தோணிச்சு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால அந்தச் சொல்லைச் சொன்னவ நான். அதைச் சொன்னவ இதையும் செய்வான்னு நீ நினைச்சா, நினைச்சவ மேல மட்டும் எப்படிக் கோபப்படறது?"

ஜலீலா கூண்டுக் கம்பி வழியாக விரலை விட்டுப் பூனையின் காதைத் தொட்டாள்.

"மன்னிச்சேன்னு சொல்லாத. இப்போ வேண்டாம். முதல்ல இது எழுந்துக்கட்டும்."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. ஜலீலா எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். பத்து மணிக்கு டாக்டர் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரம், என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஜலீலா வெளியே போய்க் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயும் போவதற்கில்லை. லஸ்ஹர் போன் செய்தார். "மதாம், என்னாச்சு? கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க." அவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது நினைவில்லை, பாதியில்தான் உள்ளிருந்து ரஃபீக்காவின் அலறல் கேட்டது.

செத்துவிட்டது என்றுதான் ஜலீலா நினைத்தாள். ஓடினாள்.

ரஃபீக்கா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. குத்னா நடுங்கும் கால்களில் எழுந்து, மூலையில் போய்க் குந்தியிருந்தது.

"மூத்திரம்! அக்கா, மூத்திரம்! துண்டெல்லாம் மூத்திரம்! டாக்டர், இது டிரிப்ஸ் தண்ணி இல்ல, நான் மோந்து பார்த்துட்டேன்! நாறுது!"

டாக்டர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தராசில் போட்டு எடைபார்த்தாள். முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். "நாறினாத்தான் நல்லது மா."

ஜலீலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசித்தது. மூன்று நாளாக என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒன்பது என்ற எண் ஏழாகி, ஐந்தாகி, ஞாயிற்றுக்கிழமை மூன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மனமில்லாமல் அங்கேயே ஊசலாடியது. செத்த பாகம் செத்ததுதான், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை வைத்து ஓட்டவேண்டும் என்றாள் டாக்டர். இனி வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலேயே தோலுக்கடியில் ஊசி குத்திச் சலைன் ஏற்றவேண்டும். சாப்பாடு தனி. எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

முதல் தடவை ஜலீலா ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். இரண்டாவது தடவை பூனை ஊசியோடு அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு ஆள் பிடித்தால்தான் முடியும். எதிர்வீட்டுக்காரி வந்தாள், கீறல் வாங்கினாள், பிறகு வரவில்லை. லஸ்ஹர் வந்தார், அவர் கையில் இருந்த எண்ணெய் வாசனைக்குக் குத்னா விரலை நக்கிக்கொண்டு சும்மா இருந்தது. ஆனால் அவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்பது அவர் தரையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் நான்காவது முறையும் தேர்வில் தோற்றார். "பாலத்தைத் தாண்டச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன் மதாம். பார்க்கிங்கைக் கேட்டாங்க."

மற்ற நாட்களில் லஸ்ஹர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தார்; வியாழக்கிழமைதோறும் ரஃபீக்கா லுவாஜ் பிடித்து வந்தாள். தடிமனான கம்பளிச் சட்டையும், தோட்டத்துக்குப் போடும் கையுறையும் போட்டுக்கொண்டு, முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பூனையை அமுக்கிப் பிடிப்பாள். பிடித்துக்கொண்டே சண்டை போடுவாள். மகள் திருமணத்துக்கு வராதது பற்றி. அம்மாவின் விரிப்பைப் பாழாக்கியது பற்றி. ஜலீலாவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சலைன் பை காலியாக இருபது நிமிடம் ஆகும். அதற்குள் நான்கு வருடத்தில் ஒரு மாதத்தையாவது கிளறி முடித்துவிடுவார்கள். மன்னித்தேன் என்று யாரும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

குத்னா அதற்குப் பிறகு ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தது. நடுவில் இரண்டு முறை டிரிப்ஸுக்கு ஸர்ஸூனா போய்வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் எடை குறைந்து, ஒரு காலையில் வெயில் விழும் ஜன்னலடியில் படுத்தபடியே போய்விட்டது. ஜலீலா அன்று எந்தப் பாடத்தையும் ரத்து செய்யவில்லை. நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள், ஒருவரையும் திட்டவில்லை. அதுதான் விசேஷம் என்று பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. ரஃபீக்கா, கம்பளிச் சட்டையும் இல்லாமல் கையுறையும் இல்லாமல், ஒரு பை நிறையக் கீரையோடு நின்றாள்.

"இன்னிக்கு என்ன வேலைன்னு வந்தே?" என்றாள் ஜலீலா.

"வேலை இருந்தாத்தான் வரணுமா? தள்ளு, கீரை வாடுது," என்று சொல்லிக்கொண்டே ரஃபீக்கா உள்ளே வந்து, சமையலறையில் கத்தியைத் தேடத் தொடங்கினாள்.